உள்மடிப்பு

ஜூன் 4, ஞாயிறு

சந்தையில் பழந்துணிக் குவியலுக்குள் கையை விட்டுக் கிளறியதில் இரண்டு நல்ல காட்டன் புடவைகள் கிடைத்தன. ஒன்று காப்பிப் பொடி நிறத்தில் வெள்ளைப் புள்ளி போட்டது, இன்னொன்று வெளிர் நீலம். கூடவே யாரோ குண்டான ஒரு மனிதர் போட்டுக் கழித்த கட்டம் போட்ட சட்டை. ஆண்களின் சட்டையில் கழுத்துப்பட்டிதான் முதலில் நைந்து போகும். முதுகு புதிதாகவே இருக்கும். ஆறு வயதுப் பெண்ணின் கவுனுக்கு மேல்பாகம் அந்த முதுகிலேயே தாராளமாக வந்துவிடும். திண்டிவனம் பஜாரில் காதர் பாய் தன் தையல் கடையின் வெட்டு மிச்சத்தை ஒரு பை நிறையக் கொடுத்தார். "எரிக்கத்தாம்மா வச்சிருந்தன், எடுத்துனு போ" என்றார். அவர் எரிக்க வைத்திருந்ததில் மூன்று நிறத்தில் அருமையான பாப்ளின் இருந்தது.

கல்யாணத்துக்கு முன்பு கிண்டியில், குழந்தைகள் உடை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில் வேலை பார்த்தேன். அங்கே நான் தைத்த கவுன்களை எந்த ஊர்ப் பிள்ளைகள் போட்டார்கள் என்று தெரியாது. அளவு எண் மட்டும் தெரியும். முகம் தெரிந்த ஒரு குழந்தைக்குத் தைப்பது இதுதான் முதல் தடவை. அந்த முகம் என்னைக் கண்டால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறது, அது வேறு விஷயம்.

தன்யஸ்ரீ என் கணவரின் முதல் தாரத்துப் பெண். அவளுடைய அம்மா மஞ்சுளா மூன்று வருடத்துக்கு முன் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். நான் இந்தத் தை மாதம்தான் வந்தேன். என்னைச் சித்தி என்று கூப்பிடச் சொல்லி அவர் பழக்கிப் பார்த்தார். அவள் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அப்பாவை 'நீ' என்கிறாள், தெருநாயை 'நீ' என்கிறாள். என்னை மட்டும் பஸ் கண்டக்டரைச் சொல்வதுபோல 'நீங்க' என்கிறாள்.

ஜூன் 11, ஞாயிறு

கட்டச் சட்டைக் கவுன் முடிந்தது. கழுத்துக்குப் பச்சைப் பாப்ளினில் பைப்பிங், பின்னால் முடிச்சுப் போட நாடா. நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, கடையில் தொங்கவிட்டால் யாரும் பழைய சட்டை என்று சொல்லமாட்டார்கள்.

"எனக்குப் பெரியம்மா எடுத்துக் குடுப்பாங்க" என்று சொல்லிவிட்டுத் தன்யா விளையாடப் போய்விட்டாள்.

சொல்லி வைத்தாற்போல் பெரியம்மாவே செஞ்சியிலிருந்து வந்து இறங்கினார்கள். பச்சையம்மாள், மஞ்சுளாவின் அக்கா. பிள்ளையை மாதம் ஒரு முறை வந்து பார்ப்பார்கள். கவுனை எடுத்து வெளிப்பக்கம் பார்க்காமல் நேரே உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்கள்.

"நல்லாத்தான் தச்சிருக்க அஞ்சுகம். கடையில வாங்கினாப்பலவே கீது. ஆனா உள்மடிப்பே உடலயே? வளர்ற புள்ளைக்கு நாலு விரக்கட மடிச்சி வச்சாத்தான அடுத்த வருசம் பிரிச்சி எறக்கலாம்?"

கம்பெனியில் உள்மடிப்பு கிடையாது. அளவு ஆறு என்றால் ஆறு. ஏழு வயதானால் வேறு கவுன் வாங்கவேண்டும், அதுதான் வியாபாரம். இதைச் சொன்னேன். "வாஸ்தவந்தான். அது விக்கறவங்க தெக்கிறது" என்றார்கள். குத்திச் சொன்னார்களா, சாதாரணமாகச் சொன்னார்களா என்று இன்னும் தெரியவில்லை. குத்தியது என்னவோ உண்மை.

போகும்போது, ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை படையல் இருக்கிறது, அதற்கு வருகிறேன் என்றார்கள். யாருக்குப் படையல் என்று என் கணவரிடம் கேட்டேன். "வூட்டு சாமிக்கு" என்றார். நெல் மில்லில் நாளெல்லாம் கத்திப் பேசுகிறவர், வீட்டில் வார்த்தையை எண்ணித்தான் செலவழிப்பார்.

ஜூன் 16, வெள்ளி

சாம்பிராணி போட்ட என் கணவர் தட்டைப் பரண் பக்கம் தூக்கிக் காட்டினார். பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. பூட்டு இல்லை, சிவப்புக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது.

"அதுல என்ன இருக்கு?"

"மஞ்சுளா பொடவ. அத்தத் தொடாத."

அவ்வளவுதான். நானும் வேறு கேட்கவில்லை. வெந்தயக் குழம்பு வைத்தேன்.

ஜூன் 23, வெள்ளி

சாப்பிடும்போது அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "மஞ்சு, தண்ணி" என்றார்.

தண்ணீர் கொடுத்தேன். வாய் தவறுவது யாருக்கும் நடப்பதுதான். மெஷினுக்கு எண்ணெய் போட்டேன்.

ஜூன் 26, திங்கள்

சந்தையில் எடுத்த புடவையில் இன்று கத்தரி வைத்தேன். கடுகு மஞ்சள் நிறம், பச்சைக் கரை. மடிப்புக் கலையாத புடவை, தறியிலிருந்து நேரே வந்ததுபோல் மொடமொடப்பு. லேசாகச் சாம்பிராணி வாசனை. முந்தானை முனையில் மஞ்சள் தடவியிருந்தது, அதை ஒதுக்கிவிட்டேன். கீழ்ப்பாகத்துக்குக் கரையை அப்படியே வைத்து, மேலே சுருக்கம் பிடித்து, சின்னதாகப் பஃப் கை.

முதல் வெட்டு விழும்போது மனசுக்கு நன்றாக இருந்தது. இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூலை 1, சனி

போட்டுக்கொண்டாள்!

கட்டாயப்படுத்தவில்லை. மஞ்சள் கவுனை மெஷின் மேல் மடித்து வைத்திருந்தேன். பள்ளிக்கூடம் இல்லாத நாள் என்பதால் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தவள், வந்து தொட்டுப் பார்த்தாள். கரையைத் தடவினாள். மூக்கில் வைத்து முகர்ந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இந்த வீட்டுக்கு வந்த நாளாக அந்தப் பெண் என்னை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"இது எங்க எடுத்தீங்க?"

"சந்தையில."

"சரி" என்றாள். போட்டுக்கொண்டு போய்க் கண்ணாடி முன்னால் சுற்றிச் சுற்றி நின்றாள். துவைக்கத் தா என்றால் தரமாட்டேன் என்கிறாள். அதிலேயே தூங்குகிறாள். அவரைக் கேட்டேன், நல்லா இருக்கு என்றார். புடவை நிறத்தையெல்லாம் நினைவில் வைத்திருக்கும் ஆம்பளை இல்லை அவர்.

நான் சந்தோஷமாகத்தான் இருக்கவேண்டும். மெஷினைத் திறக்கத் தோன்றவில்லை. வெயில் அதிகம் போலிருக்கிறது.

ஜூலை 9, ஞாயிறு

பொய் எழுதியிருக்கிறேன். வேறு யாரும் படிக்காத நோட்டில், எனக்கு நானே பொய் எழுதியிருக்கிறேன்.

அது சந்தைப் புடவை இல்லை. சந்தையில் எடுத்த இரண்டும் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. அவர் மில்லுக்கும் தன்யா பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, கட்டில் மேல் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினேன். கயிற்றை அவிழ்த்தேன். கட்டியே பார்க்காத புத்தம் புதுப் புடவை. காய்ந்துபோன பூ, கண்ணாடி வளையல், குங்குமப் பொட்டலம். செத்துப்போனவளுக்குப் புதுப் புடவை எடுத்து வைத்துச் சாம்பிராணி காட்டுகிறார், உயிரோடு இருக்கிறவளுக்கு முகூர்த்தப் புடவைக்குப் பிறகு ஒரு கைக்குட்டைகூட எடுத்துத் தரவில்லை என்று நினைத்தேன். மஞ்சு, தண்ணி. மஞ்சு, தண்ணி. கயிற்றைத் திரும்பக் கட்டும்போது அதே மாதிரி முடிச்சு வரவேண்டும் என்று எவ்வளவு கவனமாகக் கட்டினேன்! திருடிக்கு வரும் கவனம்.

அவர் கேட்டால், குழந்தைக்கு அம்மா துணி மேலே இருக்கட்டும் என்றுதான் தைத்தேன் என்று சொல்லலாமென்று யோசித்து வைத்திருந்தேன். கேட்க நல்ல காரணம். அதற்காக வெட்டவில்லை. பொறாமையில் வெட்டினேன்.

மீதித் துணி காதர் பாய் கொடுத்த வெட்டுத்துணி மூட்டைக்கு அடியில் இருக்கிறது.

ஜூலை 19, புதன்

பச்சையம்மாள் அக்கா போன் செய்தார்கள். அடுத்த வெள்ளி படையல். "தலைக்கு ஊத்திக்கோ. பொட்டிய எறக்கித் தொடச்சி வெய்யி. தொறக்காத, நான் வந்துதான் தொறப்பன்."

போனை வைத்ததும் வெட்டுத்துணி மூட்டைக்கு அடியில் கையை விட்டேன். மீதித் துணியில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு பஜாரில் ஜவுளிக்கடை கடையாக ஏறினேன். இதே நிறம், இதே கரை வேண்டும். கடைப்பையன் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது போன வருச மாடல்க்கா. இப்ப யாரு கேக்கறாங்க?" என்று சிரித்தான். நான் கேட்கிறேனே.

ஜூலை 23, ஞாயிறு

அவர் முறுக்கு மாவு அரைத்துக்கொண்டு வந்தார். "இன்னா, ஒரு மாதிரி கீற?" என்று அவராகவே கேட்டார். சொல்லியிருக்கலாம். தலைவலி என்றேன்.

ஜூலை 26, புதன்

சொல்லவில்லை.

ஜூலை 28, வெள்ளி

காலையில் தன்யா தானாக வந்து, "அந்தச் சட்டைக் கவுன் குடுங்க" என்றாள். வேண்டாமென்று ஒதுக்கிய அந்தக் கட்டச் சட்டைக் கவுன்! மஞ்சள் கவுனைக் கழற்றிச் சுருட்டித் தன் புத்தகப் பைக்குள் வைத்தாள். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. இப்போதுதான் தோன்றுகிறது.

அக்கா வந்ததும் கிணற்றடியில் செம்பில் தண்ணீர் எடுத்து, மாவிலை, தேங்காய் வைத்து, பூச்சுற்றிக் கூடத்தில் வைத்தார்கள். புதிதாகக் கொண்டுவந்த அரக்குப் புடவையைச் செம்புக்குச் சாத்தினார்கள். மஞ்சுளாவுக்குப் பிடித்த மொச்சைக் குழம்பு, கொழுக்கட்டை. பூவாடைக்காரி என்று இந்தப் பக்கத்தில் சொல்கிறார்கள். சுமங்கலியாகப் போன பெண் அந்த வீட்டுக்குச் சாமியாகிவிடுவாளாம். குரோம்பேட்டையில் வளர்ந்த எனக்கு இது தெரியாது. எங்கள் வீட்டில் செத்தவர்களுக்குத் திவசம்தான்.

பிறகு பெட்டியைத் திறந்தார்கள்.

"பொடவ எங்க?"

அவர் குனிந்து பெட்டிக்குள் பார்த்து, "எலி கிலி..." என்றார்.

"அஞ்சர மீட்டர எலி தூக்கினு போயி, கயித்தயும் கட்டி வச்சிட்டுப் போச்சா?" என்றார்கள் அக்கா.

நான் கரண்டியும் கையுமாக அடுப்படி வாசலில் நின்றேன். சொல்லு, சொல்லு என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"நாந்தான் எடுத்தன் பெரியம்மா. பொம்மைக்குக் கட்டினன். கிழிஞ்சிபோச்சி. தூக்கிப் போட்டுட்டன்."

அந்தப் பரண் அவளுக்கு ஸ்டூல் மேல் ஏறினாலும் எட்டாது. அக்காவுக்கு அதை யோசிக்கும் நிதானம் இல்லை. பிள்ளையின் முதுகில் ஓர் அறை வைத்தார்கள். சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது. தன்யா அழவில்லை. என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டாள்.

அடித்த கையைத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டு அக்கா அழ ஆரம்பித்தார்கள். "போன ஆடிக்கு வச்ச பொடவய இந்த ஆடிக்கு எடுத்து இந்த வூட்டுப் பொம்பள கட்டணும். அதான் மொற. வூட்ல பொம்பள இல்லன்னு ரெண்டு வருசம் நான் கட்டினன். இந்த வருசம் அஞ்சுகம் கட்டுவா, மஞ்சுளாவே கூப்புட்டுக் குடுத்த மாதிரின்னு எவ்ளோ ஆசையா வந்தன்! போன வருசம் கடைக்குக் கூட்டினு போயி, ஒங்கப்பாவுக்குப் பொண்ணு பாக்கறோம், வர்றவளுக்கு நீயே கலர் எடுன்னு சொன்னப்ப, இவதானே இந்த மஞ்சாவக் கை வச்சிக் காட்டினா? காட்டிட்டு, இவளே கிழிச்சிப் போட்டிருக்கா பாரு!"

அது எனக்கு வைத்திருந்த புடவை. எனக்கென்று இந்தக் குழந்தை எடுத்த புடவை. கவுனை முகர்ந்து பார்த்த அன்றைக்கே அவளுக்குத் தெரியும்.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. கற்பூரம் காட்டச் சொன்னார்கள். காட்டினேன்.

ஜூலை 29, சனி

விடிந்ததும் தன்யாவைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். பல் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

வாய் நிறைய நுரையோடு யோசித்தாள். "நீங்கன்னு தெரிஞ்சா அனுப்பிடுவாங்க."

"யாரு?"

"பெரியம்மா. ஒழுங்கா இல்லன்னா அனுப்பிடலாம்னு அப்பாகிட்ட சொன்னாங்க. ரொம்ப நாளுக்கு முன்னாடி."

"நான் போனா உனக்கென்ன?"

துப்பினாள். வாய் கொப்பளித்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு, "அப்புறம் கவுன் யாரு தச்சித் தருவா?" என்றாள்.

இதற்கு மேலும் சும்மா இருந்தால் நான் மனுஷியே இல்லை. உள்ளே போய், ராத்திரி இங்கேயே தங்கியிருந்த அக்கா முன்னால் வெட்டுத்துணி மூட்டையைக் கூடத்து நடுவில் கொட்டினேன். பாப்ளின், பனியன் துணி, லைனிங் எல்லாம் சரிந்து, அடியிலிருந்து கடைசியாக அந்த மஞ்சள் விழுந்தது. "பிள்ளைமேல தப்பில்லக்கா. நான் எடுத்து வெட்டினேன்" என்றேன். அழக்கூடாது என்று நினைத்திருந்தேன். முடியவில்லை.

அக்கா கீழே உட்கார்ந்து, துழாவி, மஞ்சள் தடவிய முந்தானை முனையைத் தேடி எடுத்தார்கள்.

"தெரிஞ்சா வெட்டின?"

"அவங்களோடதுன்னு தெரியும். எனக்குன்னு தெரியாது."

"அப்ப, அவளதுன்னா வெட்டலாமா?"

சிதறிய துணிகளை மூட்டைக்குள் அள்ளிப் போட ஆரம்பித்தேன்.

அவர்தான் பேசினார். "நான் வெவரமா சொல்லியிருக்கணும்" என்றார். எனக்காக அவர் சொன்ன முதல் நீளமான வாக்கியம். அதைக் கேட்டு நிம்மதி வரவில்லை, இன்னும் கொஞ்சம் கூசியது. அவர் தொடாதே என்று தெளிவாகத்தான் சொல்லியிருந்தார்.

தன்யா புத்தகப் பையிலிருந்து மஞ்சள் கவுனை எடுத்துக்கொண்டு வந்து அக்காவிடம் நீட்டினாள். "இதயும் பொட்டியில வைங்க பெரியம்மா. அம்மாதுதான? அடுத்த வருசம் எடுத்துப் போட்டுக்கறன்." அக்கா வாங்கி உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். எதற்குப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியும். பெட்டியில் அரக்குப் புடவைக்கு மேல் மடித்து வைத்துக் கயிற்றைக் கட்டினார்கள்.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார்கள். என்னிடம் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. "பொட்டிய மேல ஏத்திடு" என்றார்கள். அவரிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 2, புதன்

குளிப்பாட்டும்போது முதுகைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நேற்றும் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அந்த அடி எனக்கு விழவேண்டியது. ஒரு பகல், ஓர் இரவு அந்தப் பொய்யை அவள் தலையில் வைத்துவிட்டு நான் கொழுக்கட்டை பரிமாறிக்கொண்டிருந்தேன். புடவையை வெட்டியதைக்கூட என்றைக்காவது மறந்துவிடுவேன். இதை மறக்கமாட்டேன்.

காப்பிப் பொடிப் புடவையில் அவளுக்கு ஒரு பாவாடை வெட்டினேன். உள்மடிப்பு நான்கு விரற்கடை.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

மஞ்சள் கவுன் அடுத்த ஆடிக்கு அவளுக்குப் போதாது. அளவு ஆறு என்றால் ஆறு, நான் தைத்ததாயிற்றே. பக்கவாட்டில் துணியை ஒட்ட வெட்டியிருக்கிறேன். இறக்கிவிடக் கீழே ஒரு நூலிழைகூட மிச்சமில்லை. அடுத்த வருடம் இவள் வளர்ந்து நிற்பாள் என்கிற நினைப்பே இல்லாமல் தைத்திருக்கிறேன். அடுத்த வருடம் நானே இங்கே இருப்பேன் என்று நினைத்தேனா, அதுவும் தெரியவில்லை.

மீதித் துணியைத் துவைத்துத் தேய்த்து வைத்திருக்கிறேன். பக்கங்களில் ஒட்டுப் பட்டை கொடுத்து, கீழே ஒரு சுற்று இணைத்து உள்ளே மடித்து வைத்தால் வருடா வருடம் பிரித்து இறக்கலாம். அக்கா விட்டுவிட்டுப் போன, மஞ்சள் தடவிய முனையை நெஞ்சுப் பக்கத்தில் உள்ளே வைத்துத் தைக்கவேண்டும்.

அவர் பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டு மில்லுக்குப் போனார். நான் கயிற்றில் கை வைத்தேன். தன்யா ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எதுக்கு?"

"உள்மடிப்பு வைக்க. நீ வளருவ இல்ல?"

பிடியை விடவில்லை. "அம்மாகிட்ட கேட்டியா?" என்றாள்.

கேட்டீங்களா என்று சொல்லவில்லை.

கேட்டேன். மஞ்சுளாவின் பெட்டியைப் பார்த்து வாய்விட்டு, தன்யாவுக்கும் காது கேட்கிறமாதிரி, "அக்கா, இத எடுத்துத் தச்சிக்கட்டுமா?" என்று கேட்டேன். போன தடவையும் இந்த ஒரு வார்த்தைதான் கேட்டிருக்கவேண்டும். இரண்டு பேரும் தகரப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே எவனோ மோட்டார் பைக்கை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தான்.

தன்யா தலையைச் சாய்த்து, பெட்டியின் மூடியில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு என் கையை விட்டாள்.

"அம்மா சரின்னுடுச்சி. நீ தொற."